கிரைண்டரை எடுக்கும் முன் பழைய பெயின்டைப் பாருங்கள்

பழைய புகையிரதச் சரக்கு வாகன்களின் கதவு, இலக்கத்தகடு, பக்கத்தகடு ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, உணவகத்திலோ வீட்டு முற்றத்திலோ அழகுக்கு வைப்பவர்களை யாழ்ப்பாணத்திலும் இப்போது காண்கிறேன். பழைய உலோகப் பொருட்களைச் சீர்செய்வது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கிறார்கள்: "முதலில் பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்." அதற்கு மட்டும் நான் உடன்படுவதில்லை.

பயணிகள் பெட்டி பட்டறைக்குப் போனால் புது நிறத்தோடு திரும்பும். சரக்கு வாகனுக்கு அந்த யோகம் இல்லை. சக்கரமும் பிரேக்கும் சரியாக இருந்தால் போதும். காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து ஏற்றிப் போன காலம் முடிந்து, சுமை லொறிகளின் கைக்கு மாறியபோது, நின்ற இடத்திலேயே துருவேறிய வாகன்கள் பல. நாட்டின் பெயர் 1972இல் மாறிய பிறகும், 'சி.ஜி.ஆர்.' (சிலோன் கவர்ன்மென்ட் ரயில்வே) என்ற பழைய எழுத்துகள் மேற்பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிவதுண்டு. எஞ்சின்களிலோ இலக்கத்தகட்டின் பின்புறம்தான் பழைய நிறத்தின் மறைவிடம். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தில் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் 1954இல் வரத் தொடங்கின. அவற்றில் ஒன்றுக்குக் கனடிய மாகாணமான 'ஒன்ராறியோ'வின் பெயர். நம்மவர்கள் அங்கே குடியேறும் முன்பே அது இங்கே வந்துவிட்டது!

ஒரு வாகன் கதவின் கீல் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மேலே வெளிறிய சாம்பல், அதன் கீழ் காவி, மீண்டும் ஒரு காவி, இரும்பை ஒட்டி ஆரஞ்சு கலந்த சிவப்பு. பழைய உருக்கில் அந்த அடிச் சிவப்பு பெரும்பாலும் ஈயச் சிவப்பு. எண்ணெயோடு சேர்ந்து இறுகித் துருவைத் தடுப்பதால், ஒரு காலத்தில் இரும்பு வேலையெங்கும் அதைத்தான் பூசினார்கள். மஞ்சள் எழுத்தில் ஈயக் குரோமேட் என்ற ஈயம் கலந்த நிறமியும் இருக்கலாம்.

பெயின்டைச் சுரண்டும் கிரைண்டர் இந்த ஈயப் பூச்சைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கும். தீச்சுவாலையால் பெயின்டைப் பொசுக்குவது இன்னும் மோசம், ஈயம் ஆவியாகிறது. முகத்தில் கட்டும் துணி இரண்டையும் தடுக்காது. தூள் வேலைக்காரரின் சேட்டில் ஒட்டி வீட்டுக்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் ஈயம் அதிகம் தாக்குகிறது. பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையில் 2013 முதல் பெயின்டில் ஈயத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது புதிதாக விற்கும் பெயின்டுக்கு. பழைய தகட்டில் ஏற்கெனவே இருப்பதை எந்தச் சட்டமும் அகற்றிவிடாது.

தடவினால் நிறம் மாறும் சோதனைக் குச்சிகளை நம்பி இறங்கவேண்டாம். அவற்றுள் பரவலான வகை ஈயத்தைச் சிவந்து காட்டும். சிவப்புப் பெயின்டின் மேல் அது எப்படித் தெரியும்? எக்ஸ்-கதிர்க் கருவியால் சோதிக்க வசதியில்லையென்றால், ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். மென்மையான சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உதிரும் இடத்தை மட்டும் ஈரமாக்கிக் கையால் நீக்கி, மீதியின் மேல் நிறமற்ற வார்னிஷ் பூசுங்கள். பழைய நிறமும் எழுத்தும் அப்படியே நிற்கும். கீழே விரித்த பொலித்தீனை உதிர்ந்ததோடு மடித்துக் கட்டிவிடுங்கள். முற்றத்தில் கூட்டித் தள்ளவேண்டாம், கிணற்றடிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.