பேஸ் பெட்டியின் குழாய்க்குச் சுதி சேர்ப்பது

களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் சர்ச் திருநாளுக்கும் மைக் செட் கட்டுகிறவர்களில் பலர், தாழ்ந்த ஒலிகளைத் தரும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். பெரும்பாவூர் பிளைவுட்டைப் பிசகில்லாமல் அறுத்துப் பொருத்தத் தெரிந்தவர்கள்கூட, முன்பலகையில் வைக்கும் குழாயை மட்டும் வேறொரு பெட்டியைப் பார்த்து அதே அளவில் வைத்துவிடுகிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

உண்மையில் அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்று ஓர் எடைக்கட்டி போலவும், பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில் போலவும் செயல்படுகின்றன. காலிச் சோடா பாட்டிலின் வாயில் ஊதும்போது எழும் ஒலியும் இதே அமைப்பிலிருந்துதான் பிறக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்து விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஒலிபெருக்கிப் பெட்டியில் இதைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமையை பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-இல் பெற்றார். பெட்டியையும் ஸ்பீக்கரையும் சேர்த்துக் கணக்கிடும் தெளிவான முறையை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டார்.

ஸ்பீக்கர் கூம்பின் பின்புறம் எழும் ஒலி, சாதாரணமாக முன்புற ஒலிக்கு எதிராக நின்று அதைக் குலைக்கும். இந்த எடைக்கட்டியும் சுருள்வில்லும் இயல்பாக ஆடும் அதிர்வெண்ணே ஒத்ததிர்வு எண்; பெட்டியின் சுதி என்பது இதுதான். இதை ஒட்டி, குழாய்க் காற்று இந்தப் பின்புற அலையைத் திசை மாற்றி, முன்புற அலைக்குத் துணையாக வெளியே அனுப்புகிறது. அந்த எண்ணில் கூம்பு மிகக் குறைவாகவே அசையும். பேஸின் பெரும்பங்கைக் குழாயே தரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஸ்பீக்கர், தாங்குசட்டம், குழாய் ஆகியவை அடைக்கும் இடம் போக, பெட்டியின் உள்ளளவு 60 லிட்டர். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால், 40 ஹெர்ட்ஸுக்குச் சுதி சேர்க்க விரும்புகிறோம். 10 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய்க்கு ஏறத்தாழ 24.6 செ.மீ. நீளக் காற்று வேண்டும். இரு வாய்களிலும் வெளியே கொஞ்சம் காற்று சேர்ந்தே அசைவதால், அதற்காக 7.3 செ.மீ. கழித்தால் 17 செ.மீ. குழாய் போதும். இதே குழாயை 40 லிட்டர் பெட்டியில் வைத்தால் சுதி 49 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். வேறொன்றைப் பார்த்துச் செய்த பெட்டிகள் ஏமாற்றுவது இங்கேதான்.

உள்விட்டம் 7 செ.மீ. என்றால் வெறும் 7 செ.மீ. நீளமே போதும், இடமும் மிச்சம். ஆனால் அதே அளவு காற்று பாதிப் பரப்பின் வழியே இரு மடங்கு வேகத்தில் போய்வர வேண்டியிருக்கும். வேகம் நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டினால் 'புஸ் புஸ்' என்ற இரைச்சல் காதில் விழத் தொடங்கும். திறந்தவெளியில் உரக்க ஒலிக்க வேண்டிய பெட்டிக்குச் சிறு குழாய் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

குழாயை முதலில் 20 செ.மீ. நீளத்தில் வெட்டிப் பொருத்துங்கள். சுதி 38 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். கைப்பேசிச் செயலியில் ஒற்றைத் தொனியை எழுப்பி, ஆம்பிளிஃபயரில் ஒலியளவைக் குறைத்து வைத்து, தொனியை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக மாற்றிக்கொண்டே கூம்பின் நடுமூடியில் ஒட்டிய வெள்ளைப் பொட்டைக் கவனியுங்கள். பொட்டு கலங்காமல் தெளிவாக நிற்கும் இடமே பெட்டியின் சுதி; அந்நேரம் குழாய் வாயில் கை வைத்தால் காற்று நன்றாக உறைக்கும். ஆக்ஸா பிளேடால் 1 செ.மீ. நறுக்கினால் சுதி ஏறத்தாழ 0.8 ஹெர்ட்ஸ் உயரும். கூடுதலாக நறுக்கியதை ஒட்டவைக்க முடியாது என்பதால் அரை அரை செ.மீ. ஆகக் குறைப்பதே நல்லது. பொட்டு எங்குமே நிற்காமல் ஆடினால், மூட்டுகளருகே ஊதுபத்திப் புகையைக் காட்டிக் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

குழாயின் உள்வாய்க்கும் பின்பலகைக்கும் இடையே ஒரு விட்டத்தின் அளவாவது இடைவெளி இருக்கட்டும். இடம் போதாவிட்டால் எல்போ வைத்து வளைத்துக்கொள்ளலாம். சுதிக்குக் கீழான ஒலிகளில் உள்காற்று கூம்பைத் தாங்குவதில்லை. கூம்பு கட்டுப்பாடின்றித் துள்ளி, அதை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கெடும். ஆகவே 40 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு ஆம்பிளிஃபயரிலோ, ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது எனப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரிலோ 35 ஹெர்ட்ஸுக்குக் கீழானவற்றை வெட்டும் வடிகட்டியைக் கட்டாயம் இயக்கி வைக்க வேண்டும்.