நடுக்கடலில் டீ சிந்தாமல் இருப்பது எப்படி?

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய பெரியப்பா சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வரும் உல்லாசக் கப்பலில், கரையே கண்ணில் படாத ஒரு முழு நாளை நடுக்கடலில் கழித்துவிட்டு வந்தாராம். காலையில் டிபன், மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, மத்தியானம் ஒரு தூக்கம், சாயங்காலம் சீட்டு. விளிம்பு வரை ஊற்றிய டீகூடச் சிந்தவில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதே பெரியப்பா நாகையில் ஃபைபர் படகில் கொஞ்ச தூரம் போனதற்கே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தவர். கடல் ஒன்றுதானே, கப்பல் பெரிசு என்பதால் மட்டுமா இந்த வித்தியாசம் என்று கேட்கிறார்.

பெரிசு என்பது பாதி பதில், அதை வேகமாக முடித்துவிடுகிறேன். வங்கக் கடலில் காற்று எழுப்பும் சாதாரண அலை 6 நொடிக்கு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 55 மீட்டர் சொச்சம். ஃபைபர் படகு ஒவ்வொரு முகட்டிலும் ஏறி இறங்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய எம்பிரஸ் உல்லாசக் கப்பலோ சுமார் 210 மீட்டர் நீளம், ஒரே நேரத்தில் மூன்று நான்கு முகடுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒன்று தூக்குவதை இன்னொன்று தின்றுவிடும். 1970களில் தன்னார்வலர்களை அறையோடு மேலும் கீழும் ஆட்டிச் சோதித்ததில், ஏறக்குறைய 6 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் வயிற்றை அதிகம் புரட்டியது. பெரியப்பாவின் படகு சரியாக அந்தக் கதியில் மாட்டியிருக்கும்.

அப்புறம் மீதிப் பாதி. எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

மிதக்கும் எதையும் ஒரு பக்கம் சாய்த்து விட்டால் தன் பாட்டுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பது அதன் அகலத்தையும், எடை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் பொறுத்தது. 30 மீட்டர் அகலக் கப்பலுக்குச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 17 நொடி மாதிரி வருகிறது. சிக்கல் என்னவென்றால், தெற்கே எங்கோ அடித்த புயலின் நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வங்கக் கடலுக்கு வரும்போது ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஆகும் நேரமும் கிட்டத்தட்ட இதேதான். அவை பக்கவாட்டில் வந்து மோதினால், பெரிய கப்பல் என்ற பெருமை எடுபடாது. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப் பேரன் ஒரு விரலால், ஆனால் சரியான நேரம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் எவ்வளவு உயரம் போவார் என்று நம் வீட்டுக் கூடங்களில் பார்த்திருப்பீர்கள். அலையும் கப்பலை அப்படித்தான் ஏற்றிவிடும்.

சரி, அதே விரலால் ஊஞ்சலை நிறுத்தவும் முடியுமே? முடியும். அதைத்தான் செய்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் இரண்டு பக்கமும் விமான இறக்கை மாதிரி ஒவ்வொரு சிறகு நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டெபிலைசர் என்று பெயர். சிறகைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பினால், ஓடும் தண்ணீர் அதை மேலே தூக்கும், கீழ்நோக்கித் திருப்பினால் கீழே அழுத்தும். ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் அழுத்தினால் கப்பல் முறுக்கப்படும். 10 சதுர மீட்டர் சிறகு, நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு சிறகில் 50 டன் அளவுக்கு விசை கிடைக்கிறது. கேட்கப் பெரிசாக இருக்கும், ஆனால் அமைதியான கடலில் இரண்டு சிறகையும் முழு மூச்சாகத் திருப்பி வைத்தாலும் அந்தக் கப்பல் சாய்வது சில டிகிரிதான்.

அவ்வளவு சின்ன விசை, பெரிய ஆட்டத்தை எப்படி அடக்குகிறது? எப்போது தள்ளுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கப்பல் அதிகமாகச் சாய்ந்திருக்கும்போதுதான் சிறகு கஷ்டப்பட்டு நிமிர்த்தும் என்று தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் ஆட்டம் சாகாது, கொஞ்சம் வேகமாக ஆடும், அவ்வளவுதான். சாய்வின் உச்சியில் கப்பல் ஒரு கணம் நிற்கிறது, அங்கே சிறகு கிட்டத்தட்ட சும்மா இருக்கும். நிமிர்த்தும் வேலையைக் கப்பலின் எடையும் மிதப்புமே பார்த்துக்கொள்ளும். நிமிர்ந்து நடுவைக் கடந்து மறுபக்கம் பாயும்போதுதான் வேகம் அதிகம், சிறகு முழு பலத்தோடு எதிர்த்து நிற்பதும் அங்கேதான். அதாவது அது முக்கியமாக எதிர்ப்பது சாய்வை அல்ல, சாயும் வேகத்தை. அந்த வேகத்தை கைரோ உணரி அளந்துகொண்டே இருக்க, ஹைட்ராலிக் எண்ணெய் சிறகைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றல் உருவப்படுவதால் அலையால் அதைச் சேர்த்துவைக்க முடிவதில்லை.

இதற்கு முன் முரட்டு வழியும் பார்த்தார்கள். 1932இல் ஓடத் தொடங்கிய இத்தாலியின் கோன்டே டி சவோயா கப்பலின் அடியில் மூன்று ராட்சத கைரோஸ்கோப்புகளை, அதாவது வேகமாகச் சுழலும் கனத்த சக்கரங்களை, ஓடவிட்டார்கள். ஆட்டம் ஓரளவு அடங்கியது, ஆனால் எடை அநியாயம். பக்கவாட்டில் உருளுவதற்குப் பேர்போன பிரிட்டனின் குயின் மேரி கப்பல் 1936இல் ஓடத் தொடங்கியது, சிறகு பொருத்தியது 1958இல்தான். அதுவரை பயணிகள் பாடு திண்டாட்டம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஓடாமல் வலை இழுக்கும் படகுக்குச் சிறகு உதவாது, தண்ணீர் ஓடினால்தான் அதற்கு விசை. மோட்டாரே இல்லாமல் பக்கவாட்டில் நீளமாக ஒட்டிவைக்கும் பட்டைகள் ஓரளவு ஆட்டத்தைத் தின்னும், ஆனால் மணலில் இழுத்து ஏற்றும்போது அவை உடையும். உடையாத, கழற்றி மாட்டக்கூடிய ஒன்றை வடிவமைப்பது ராக்கெட் வேலையல்ல. நாகையிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. இப்படிப்பட்ட சில்லறை ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? அணியத்தில் (படகின் முன்முனையில்) எலுமிச்சம்பழம் கட்டுவதை நான் கேலி செய்யவில்லை, கட்டட்டும். ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாதவனுக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மந்திரித்துப் பணம் பிடுங்குவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்லி, கண் வேறொன்றைச் சொன்னால் யாருக்கும் வயிறு புரட்டும்.

மறுபடி கப்பலுக்கு வருவோம். சிறகு அணியமும் அமரமும் (பின்முனையும்) ஏறி இறங்குவதைத் தடுக்காது. அவ்வளவு நீளமான உடலை அந்த விசையால் அசைக்க முடியாது. அதனால் கப்பலில் அறை போடுகிறவர்கள் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், பெரும்பாலும் விலையும் குறைவு. வேகம் பாதியானால் சிறகின் விசை கால்வாசியாகிவிடும், நங்கூரம் போட்டு நின்றால் ஒன்றும் இருக்காது, ஆகவே துறைமுகத்துக்கு வெளியே கடலில் நிற்கும்போது ஓடும்போதைவிட அதிகமாக ஆடினால் பதற வேண்டாம். நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கியது சின்னக் கப்பல் சேவை, அதில் போகிறவர்கள் நடு இருக்கையில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் உள்ளே தங்காது.