அரக்குத்தட்டு

பழைய இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஷெல்லாக் ரெக்கார்டு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டதில் ஒரு நல்ல தட்டைப் பறிகொடுத்தேன்.

ஷெல், லாக் என்று இரண்டு சொல் சேர்ந்தது ஷெல்லாக். இதில் லாக் இங்கிருந்து போனது. வடமொழியில் லாக்ஷா, இந்தியில் லாக், தமிழில் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி மொய்த்துச் சாறு குடிக்கும். பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து தன்னை மூடிக்கொள்ளும். குச்சியோடு ஒடித்து எடுத்தால் அது கொம்பரக்கு. அதையே உருக்கி, மெல்லிய ஏடாக இழுத்து ஆறவிட்டு நொறுக்கினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதிலைத்தான் ஆங்கிலத்தில் ஷெல் என்றார்கள். நம்மவர்களுக்கு அது அவலாகத் தெரிந்திருக்கிறது: அவலரக்கு. பழைய அகராதிகளில் உள்ள சொல்தான். கையில் நாலு செதிலை வைத்துப் பார்த்தவர் யாரும் இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க முடியாது.

அரக்கு மாளிகை, அரக்கு முத்திரை, அரக்கு நிறப் புடவை என்று இந்தச் சொல் நம் வாயில் புழங்கிக்கொண்டேதான் இருக்கிறது. இசைத்தட்டோடு மட்டும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. தட்டு கறுப்பாக இருப்பதுதான் காரணமோ என்னவோ. அந்தக் கறுப்பு, கலவையில் போட்ட கரியினால் வந்தது.

எமில் பெர்லினர் 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கேட்டார். முதலில் கெட்டி ரப்பரில் தட்டு செய்து பார்த்து, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அரக்குக் கலவைக்கு மாறிவிட்டார்கள். அதில் அரக்கு கொஞ்சம்தான்; மற்றதையெல்லாம் பிடித்து நிறுத்தும் பசை அது. பெரும்பங்கு கல்மாவு. பாட்டுக்கு அடியில் ஓயாமல் கேட்கிற அந்த ‘ஸ்ஸ்’ஸுக்கும் இந்தக் கல்மாவுதான் காரணம். எஃகு ஊசியின் முனையைத் தட்டு சில சுற்றிலேயே தேய்த்துத் தன் வரிப்பள்ளத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொள்ளும். பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்றச் சொன்னது அதனால்தான்.

இனி என் கதை. பாடகி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன், எண்பதைத் தாண்டியவர். “நான் மூணு பிளேட் கொடுத்திருக்கேன் தம்பி” என்றார். அந்தக் காலத்தில் இசைத்தட்டில் பாடுவதை அப்படித்தான் சொல்வார்கள், பிளேட் கொடுப்பது. அதில் ஒன்றை உறையோடு என்னிடமே தந்துவிட்டார். நிமிடத்துக்கு 78 சுற்று, பத்து அங்குலத் தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்.

முதல் பக்கத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து நன்றாகத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது, அழுக்கு போகிறது என்று சந்தோஷம் வேறு. காய்ந்த பிறகு பார்த்தால் பளபளப்பு போய், வரிகள் மழுங்கி, சாம்பல் பூத்த மாதிரி கிடந்தது. பின்னால் வந்த வினைல் என்னும் பிளாஸ்டிக் தட்டு என்றால் தப்பித்திருக்கும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மரத்துக்குப் பாலிஷ் போட அதைத்தான் கரைக்கிறார்கள். நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ‘அரக்குத்தட்டு’ என்று எழுதிப் பழகியிருந்தால் கை பாட்டிலுக்குப் போயிருக்காது.

ஆகவே ஷெல்லாக் என்பதற்கு அவலரக்கு. ஷெல்லாக் ரெக்கார்டுக்கு அரக்குத்தட்டு. ‘இசைத்தட்டு’ பொதுப்பெயர், அது அப்படியே இருக்கட்டும். நாடகமும் பேச்சும்கூடத் தட்டில் வந்தனவே, ‘ஒலித்தட்டு’ என்பதுதானே சரி என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான், ஆனாலும் ஊர் வாயில் நிலைத்த சொல்லை இனி மாற்றுவானேன்? 1948இல் வந்த எல்.பி. என்ற நெடுநேரத் தட்டையும் அதன் பின்வந்த வினைல் தட்டுகளையும் மட்டும் அரக்குத்தட்டு என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த முறை போனபோது அந்த அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். முதல் பக்கம் என்றேன்.

“அதுவா? போகட்டும். நேரம் முடியப்போகுதுன்னு சிவப்பு லைட்டைப் போட்டுட்டாங்க. சரணத்தை ஓட்டமா ஓடித்தான் முடிச்சேன்.”