சுவரோரம் நிற்கும் பையனிடம் யார் கேட்பது?

பள்ளி மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்கும் என் பணியில் நான் அடிக்கடி கேட்கும், கேட்கும்போதெல்லாம் சற்றே அஞ்சும் ஒரு நற்சான்று உண்டு: "இவனால ஒரு தொந்தரவும் இல்ல சார், இருக்கிற இடமே தெரியாது." ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய புதிதில் இப்படிப் பெயரெடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இயல்பாகவே கூச்சமுள்ளவர்கள்தாம், தீபாவளி விடுமுறைக்குள் ஓரிரு நண்பர்களைத் தேடிக்கொண்டுவிடுவார்கள். மீதமிருக்கும் சிலரைப் பற்றிப் பேச நேரும்போது, பெற்றோரிடம் நான் ஓர் அமெரிக்க நாவலின் கதையைச் சொல்வது வழக்கம்.

ஸ்டீஃபன் ஷ்பாஸ்கி எழுதி 1999இல் வெளியான 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃபிளவர்' என்பது அந்த நாவல். நடன விருந்தில் ஆடாமல் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பவரையே அங்கு 'வால்ஃபிளவர்' என்கிறார்கள். பிட்ஸ்பர்க் நகரின் புறநகர் ஒன்றில், 1991 ஆகஸ்டில், உயர்நிலைப் பள்ளியில் நுழையவிருக்கும் 15 வயது சார்லி, பெயர் தெரியாத ஒருவருக்கு எழுதும் கடிதங்களே முழு நாவலும். சில மாதங்களுக்கு முன்புதான் அவனுடைய நண்பன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டிருக்கிறான். புதிய பள்ளியில் மேல்வகுப்பு மாணவர்களான பாட்ரிக்கும் சாமும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்கள். ஆங்கில ஆசிரியர் பில், ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தகம் கொடுத்து, ஒதுங்கி நிற்காதே என்கிறார்.

முடிவைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத இயலாது. படிக்க எண்ணியிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். சார்லி யாரையும்விட அதிகமாக நேசித்தது, தன் தாயின் சகோதரியான, இறந்துபோன ஹெலனைத்தான். தனக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் போனபோது அவர் விபத்தில் இறந்ததால், அந்தச் சாவுக்குத் தானே காரணம் என்று புழுங்குகிறான். சிறுவயதில் அவனைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியவரும் அவரே என்பது இறுதியில்தான் தெரிகிறது; அந்த நினைவைத் தாங்க மாட்டாமல் இரண்டு மாதங்கள் மருத்துவமனையில் கிடக்கிறான். இதை அறிந்தபின் மறுமுறை படித்தால், அவனுடைய ஓயாத அழுகையும் தீராத குற்றவுணர்வும் முதல் கடிதங்களிலிருந்தே நம் கண்ணெதிரில் இருந்திருப்பது புரியும்.

ஓரிடத்தில் மட்டும் நாவலோடு எனக்கு உடன்பாடில்லை. மறந்த நினைவு ஒரு தொடுதலில் திரும்பி வருவது கதைக்குப் பொருந்தலாம். நான் சந்தித்த பிள்ளைகளோ எதையும் மறந்தவர்கள் அல்லர், நினைவில் வைத்துக்கொண்டே வாய் திறவாதவர்கள். ஆகவே தோண்டித் துருவிக் கேட்பதாலோ, பதிலை நாமே எடுத்துக்கொடுப்பதாலோ நன்மையில்லை, கேடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை தம் மகனை அழைத்துவந்தார் (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). எட்டாம் வகுப்புவரை வகுப்பில் கதை சொல்லிக்கொண்டிருந்தவன், உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின் வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும் உயர்த்துகிறான் என்றார். நான் முதலில் கவனித்தது அந்த மாற்றத்தை. பிறவிக் கூச்சம் திடீரென ஒரு கோடை விடுமுறையில் தொடங்குவதில்லை. எதிரெதிரே உட்காராமல், இருவரும் ஒரே மேசையில் சதுரங்கக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வாரம், குதிரையைக் கையில் உருட்டியபடியே நெருங்கிய உறவினர் ஒருவரின் பெயரைச் சொன்னான். தந்தையின் முதல் சொல், "ஆம்பளப் பையனாச்சே சார்" என்பதுதான்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை, நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாலியல் தொல்லைக்கு உள்ளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ஆண் பிள்ளைகள். 2012இல் வந்த போக்சோ சட்டமும் 18 வயதுக்குட்பட்ட எவரையும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, குழந்தை என்றே கொள்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு. எனவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பதே நேர்மை. குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416.

அந்தப் பையன் பேசத் தொடங்கியபின் என்னைத் திணறவைத்தது அவனுடைய கோபமன்று. ஏழாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்ததற்காக அதே உறவினர் அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். புகார் எழுதி முடித்த நாளன்று, தந்தை வெளியே வண்டியை எடுக்கப் போன நேரத்தில், "சார், அந்த சைக்கிள நான் ஓட்டலாமா?" என்று கேட்டான். ஹெலனை நேசித்த சார்லியை அப்போது நினைத்துக்கொண்டேன். அது உன் சைக்கிள்தான், ஓட்டலாம். பிடிக்காமல் போனால் நிறுத்திவிடலாம் என்றேன். மறுவாரம் பேருந்தில் வந்தான். அதற்கடுத்த வாரம் சைக்கிளில் வந்தான், இருக்கை உறையை மட்டும் மாற்றியிருந்தான்.