போர் விமானத்துக்கு விளக்கெண்ணெய்

"முதல் உலகப் போர் விமானங்களின் என்ஜினுக்கு நம்ம ஊர் விளக்கெண்ணெயைத்தான் ஊற்றினார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா, இல்லை இதுவும் புஷ்பக விமானக் கதைதானா?" என்று ஆத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்.

உண்மைதான். சந்தேகப்பட்டதும் நல்லதுதான். பழங்கால விமான நூல் என்று நம்மிடையே பரப்பப்படும் ஒன்றை 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விமானப் பொறியியல் ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். அதில் வரைந்திருக்கும் எதுவும் பறக்காது, நூலும் 1904க்கு முற்பட்டதல்ல என்று காட்டினார்கள். அப்படியும் அந்தக் கதை ஓயவில்லை. சேலம் மாவட்டத்து மஞ்சள் தோட்டங்களிலும் கடலைக்காட்டு வரப்புகளிலும் நிற்கிற ஆமணக்கு உலகப் போரில் என்ன வேலை பார்த்தது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் இதை வேதியியல் வகுப்பிலேயே முழுக்க விளக்கிவிடலாம்.

முதலில் என்ஜின். நம் பைக்கில் சிலிண்டர் அசையாமல் நிற்க, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. 1909இல் பிரான்ஸின் செகுவின் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த நோம் என்ஜினில் இது தலைகீழ். கிராங்க் ஷாஃப்டை விமானத்தின் உடலோடு அசையாமல் இறுக்கிவிட்டார்கள். சிலிண்டர்கள், அந்தத் தண்டை மூடியிருக்கும் கிராங்க் கேஸ், முன்னால் உள்ள விசிறி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அதைச் சுற்றிச் சுழலும். கிணற்று ராட்டினத்தில் அச்சு நிற்க உருளை மட்டும் சுற்றுமே, அந்த மாதிரி. இதற்கு ரோட்டரி என்ஜின் என்று பெயர். 7 அல்லது 9 சிலிண்டர்கள் நட்சத்திர வடிவில் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஒன்றுவிட்டு ஒன்றாக வெடிக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால்தான் 1, 3, 5, 7, 9, 2, 4, 6, 8 என்று இடைவெளி மாறாமல் வரிசை ஓடும்.

இவ்வளவு கனத்தை ஏன் சுழற்ற வேண்டும்? குளிர்ச்சிக்காகத்தான். நிமிடத்துக்கு 1,200 சுற்று, மையத்திலிருந்து சிலிண்டர் தலைக்கு அரை மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தலையின் வேகம் வினாடிக்கு 63 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 226 கிலோமீட்டர் வரும். விமானம் தரையில் நிற்கும்போதே சிலிண்டருக்கு அவ்வளவு காற்று கிடைத்துவிடுகிறது. ரேடியேட்டர், தண்ணீர், குழாய் எதுவும் வேண்டாம். சுழலும் கனமே, சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரமான ஃப்ளைவீல் ஆகிவிடுவதால் அதற்கும் தனியாக எடை சேர்க்க வேண்டாம். 130 குதிரைத்திறன் கொண்ட கிளெர்ஜே ரோட்டரி என்ஜின் ஏறத்தாழ 173 கிலோ. அதே காலத்து, தண்ணீரால் குளிரும் 160 குதிரைத்திறன் மெர்சிடிஸ் என்ஜின், தண்ணீரும் ரேடியேட்டரும் சேராமலே 250 கிலோவுக்கு மேல். மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானத்துக்கு இந்த எடை மிச்சம் பெரிய விஷயம்.

சிக்கல் எரிபொருளில் வந்தது. சுழன்றுகொண்டே இருக்கும் என்ஜினுக்குள் பெட்ரோலை எந்த வழியாக அனுப்புவது? அசையாமல் நிற்கும் பாகம் ஒன்றே ஒன்றுதான், கிராங்க் ஷாஃப்ட். அதனால் அதைக் குழாய்போல உட்குடைவாகச் செய்து, பின்முனையில் கார்புரேட்டரை மாட்டினார்கள். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க் ஷாஃப்டுக்குள் நுழைந்து, கிராங்க் கேஸை நிரப்பி, அங்கிருந்து சிலிண்டர்களுக்குப் போகும். லெ ரோன் என்ற இன்னொரு ரோட்டரி என்ஜினின் படத்தைப் பார்த்தால் கிராங்க் கேஸிலிருந்து ஒவ்வொரு சிலிண்டர் தலைக்கும் ஏறும் செப்புக் குழாய் தெரியும். கலவை போகும் பாதை அதுதான். எண்ணெயும் இதே கிராங்க் ஷாஃப்ட் வழியாகத்தான் பம்ப் மூலம் உள்ளே போகும்.

ஆக, பேரிங்கும் கனெக்டிங் ராடும் இருக்கிற அதே அறைக்குள் பெட்ரோல் ஆவியும் துளிகளும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும். மண்ணிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயை அங்கே விட்டால் என்ன ஆகும்? அதுவும் ஹைட்ரோகார்பன், பெட்ரோலும் ஹைட்ரோகார்பன். ஒன்றில் ஒன்று கரைந்து, எண்ணெய் நீர்த்து, உலோகத்தை விட்டுக் கழுவிக்கொண்டு போய்விடும். பேரிங் காய்ந்து இறுகும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஊற்றினாலும் இதே கதிதான். பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய் வேண்டும். விளக்கெண்ணெய் அப்படிப்பட்டது.

கடலை எண்ணெயில் அதிகமாக இருப்பது ஓலிக் அமிலம். 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி, 9க்கும் 10க்கும் நடுவே ஒரு இரட்டைப் பிணைப்பு. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதிலும் அதே 18 கார்பன், அதே இடத்தில் அதே இரட்டைப் பிணைப்பு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. 12ஆவது கார்பனில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி தொங்குகிறது. ஓர் எண்ணெய் மூலக்கூறில் மூன்று சங்கிலிகள், ஆகவே பெரும்பாலும் மூன்று ஹைட்ராக்சில்கள். விளக்கெண்ணெயின் தனிக்குணங்களில் பெரும்பாலானவை இந்த ஓர் ஆக்சிஜன் கூடியதால் வந்தவை.

ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மூலக்கூறுகள் வழுக்கி நகர விடாமல் இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் அந்தக் கொழகொழப்பு: 40 டிகிரியில் கடலை எண்ணெயைவிடச் சுமார் ஆறு மடங்கு பாகுநிலை. அதே பிடிமானத்தால், மின்முனைவு இல்லாத பெட்ரோல் மூலக்கூறுகள் நடுவே புகுந்து இவற்றைப் பிரித்துக்கொண்டு போக முடிவதில்லை. மூன்றாவதாக, ஆக்சிஜன் இருக்கும் முனைகள் உலோகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் ஏறி எண்ணெய்ப் படலம் நசுங்கி வெளியேறும் நிலையிலும், ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் நின்று இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கும்.

கரைவதைக் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். ஒரு சோதனைக் குழாயில் விளக்கெண்ணெயோடு அதே அளவு எத்தனால் சேர்த்தால் தெளிந்த கரைசல் கிடைக்கும். இன்னொன்றில் இரு மடங்கு ஹெக்சேன் சேர்த்துக் குலுக்கினால் முழுக்கக் கரையாது, கலங்கி நிற்கும். மற்ற சமையல் எண்ணெய்கள் நேர் எதிர். ஹெக்சேனில் நன்றாகக் கரையும், எத்தனாலில் கரையாது. மருந்துக்கு வாங்கும் விளக்கெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க மருந்து நூல்கள் சொல்லும் சோதனை இது. இப்போது பங்க்கில் விற்கும் பெட்ரோலை வைத்துப் பார்த்தால் முடிவு சரியாக வராது. அதில் கலந்திருக்கும் எத்தனால் விளக்கெண்ணெயைக் கரைக்க உதவிவிடும். 1914இன் பெட்ரோலில் அந்தத் தொந்தரவு இல்லை.

உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. அரை மீட்டர் தூரத்தில், 1,200 சுற்றில், மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல 800 மடங்கு. 100 கிராம் எடையுள்ள ஒரு பாகம் அங்கே 80 கிலோ கனத்தில் இழுபடும். எண்ணெயும் அப்படியே சிலிண்டர் தலைக்கு வீசப்பட்டு, எரிந்தது பாதி எரியாதது பாதியாக எக்ஸாஸ்ட் வால்வு வழியே வெளியே போய்விடும். என்ஜினைப் பொறுத்து மணிக்கு 5 முதல் 10 லிட்டர் வரை செலவாகும். அதனால் எண்ணெய் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே பறக்க வேண்டும். சாப்வித் கேமல் விமானத்தில் விமானியின் முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். பம்பின் ஒவ்வொரு தள்ளலுக்கும் அதற்குள் எண்ணெய் எகிறி இறங்கும். துடிப்பு நின்றுவிட்டால் என்ஜின் இறுகுவதற்குள் தரையிறங்க இடம் தேட வேண்டியதுதான்.

வெளியே தெறிக்கும் எண்ணெய் விமானியின் கண்ணாடியிலும் முகத்திலும் படியும், மூச்சோடு உள்ளேயும் போகும். வயிற்றைக் கலக்கும் என்பது விமானிகளிடையே பரவலான பேச்சு. ரிசினோலிக் அமிலம் குடல் தசையிலுள்ள ஈபி-3 என்ற ஏற்பியைத் தூண்டித்தான் பேதியாக்குகிறது என்பது 2012இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று கைக்குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பேதியில் குழந்தையின் உடல்நீர் வற்றிவிடும். மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட மோசம், நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். மரபு என்று சொல்லி இதைத் தொடர வேண்டாம்.

என்ஜினின் மற்றக் கோளாறுகளும் அதன் அமைப்பிலிருந்தே வந்தவை. நோம் என்ஜினின் சிலிண்டர் எஃகுக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டது, சுவரின் தடிமன் 1.5 மில்லிமீட்டர்தான். சுழலும்போது காற்றை எதிர்கொள்ளும் பக்கம் குளிர்ந்து, பின்பக்கம் சூடாகவே இருப்பதால் சிலிண்டரின் வட்டம் கோணிக்கொள்ளும். சாதாரண பிஸ்டன் ரிங் அந்தக் கோணலுக்கு வளைந்து கொடுக்காது. அதனால் வெண்கலத்தில் மெல்லிய ரிங் ஒன்றைப் போட்டார்கள். அது உடைந்தால் சூடான வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அங்கேதான் பெட்ரோல் கலவை நிறைந்திருக்கிறதே, தீப்பிடிக்கும். விளக்கெண்ணெயும் சூட்டில் கெட்டியாகிப் பிசின்போல ஒட்டும். சில பத்து மணி நேரம் ஓடியதும் என்ஜினை முழுக்கப் பிரித்துச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். பழைய பைக்குக்கு விளக்கெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: வேண்டாம், ஆயில் வழிகள் அடைத்துக்கொள்ளும்.

இறங்கும்போது இன்னொரு சிக்கல். ஆக்ஸிலரேட்டரைக் குறைப்பதுபோல இதில் எளிதாகக் குறைக்க முடியாது. கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தி ஸ்பார்க்கை விட்டுவிட்டு நிறுத்துவார்கள். ஸ்பார்க் நின்றாலும் பெட்ரோல் வருவது நிற்காது. எரியாத கலவை வெளியே சேர்ந்துகொண்டே இருக்கும். பொத்தானை அதிக நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டால், சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும்.

திரும்பும்போது கைரோஸ்கோப் விளைவு வேறு: சுழலும் கனத்தை ஒரு பக்கம் திருப்பினால் அது வேறு பக்கம் சாயும். இவ்வளவு கனம் ஒரே திசையில் சுழல்வதால், கேமல் வலப்பக்கம் திரும்பினால் மூக்கு தாழும், இடப்பக்கம் திரும்பினால் மூக்கு எழும். பழகிய விமானி வலப்பக்கம் சட்டென்று திரும்பி எதிரியை ஏமாற்றினார். பழகாதவர் சுழன்று கீழே விழுந்தார். ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக் பிரிட்டிஷ் விமானப் படையின் 28ஆவது ஸ்குவாட்ரனில் இந்தக் கேமலைத்தான் ஓட்டினார். 1917 அக்டோபர் 26 அன்று நடந்த சண்டையில் காலில் குண்டு பாய்ந்தும் உயிர் தப்பினார்.

இத்தனை என்ஜின்களும் எண்ணெயைக் குடித்துத் தீர்த்ததால் ஆமணக்கு போர்ப் பொருளாகிவிட்டது. அமெரிக்கா போரில் இறங்கியதும் ஆசியாவிலிருந்து விதை தருவித்து, சுமார் 1 லட்சம் ஏக்கரில் ஆமணக்கு விதைக்க ஏற்பாடு செய்தது. ஜெர்மனியின் கதை இதற்கு நேர்மாறு. பிரிட்டனின் கடல் முற்றுகையால் விளக்கெண்ணெய் கிடைக்காமல், வோல்டால் என்ற மாற்று எண்ணெயை ஊற்றினார்கள். 1918 கோடையில் புதிதாக வந்த ஃபோக்கர் இ-5 விமானத்தின் ரோட்டரி என்ஜின்கள் சூடேறி அடுத்தடுத்துக் கெட்டதற்கு அந்த எண்ணெயே முக்கியக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்டது.

போர் முடிவதற்குள் ரோட்டரியின் காலமே முடிந்துகொண்டிருந்தது. சிலிண்டர்களைக் காற்றில் சுழற்றவே செலவாகும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பு எட்டு மடங்கு. நிலையான சிலிண்டர் என்ஜின்கள் 200 குதிரைத்திறனைத் தாண்டியதும் ரோட்டரியால் போட்டி போட முடியவில்லை.

ஆமணக்கு மட்டும் விமானத்தை விட்டுப் போகவில்லை. விளக்கெண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால், ஹைட்ராக்சிலும் இரட்டைப் பிணைப்பும் அருகருகே இருக்கும் இடத்தில் சங்கிலி முறிந்து, 18 கார்பன் 10ஆகவும் 8ஆகவும் பிரியும். 10 கார்பன் துண்டு செபாசிக் அமிலம். அதன் எஸ்டர்களை அடிப்படையாகக் கொண்டு ஜெட் என்ஜின்களுக்கு உயவு எண்ணெய் செய்தார்கள். உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவிப்பது இந்தியா, செபாசிக் அமிலத்தை அதிகமாகச் செய்வது சீனா. நாம் விற்கும் எண்ணெயை வாங்கித்தான் அவர்கள் செய்கிறார்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்.ஆர்.சி.எச்-1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கு அங்கே உருவானதுதான். கொட்டமுத்தின் விளைச்சலைக் கூட்ட அவர்கள் உழைக்கிறார்கள். அந்த எண்ணெயைப் பிளந்து பொருள் செய்யும் வேதியியலுக்கும் அதே வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடமும் அதற்கு நிலையான நிதியும் அரசு கொடுக்க வேண்டும். ஒரு போட்டி, ஒரு விழா என்று செலவழித்துவிட்டு மறக்கும் நிதியாக அது இருக்கக் கூடாது. வினையூக்கி ஒன்றைச் சோதித்து முடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும்.