முன்னுரிமை: யாருக்கு முதலில், எது முதலில்?

முன் + உரிமை. உரிய, உரியவர், உரிமை எல்லாம் ஒரே குடும்பம். அதனால் முன்னுரிமை என்றாலே யாருக்கு முதல் பாத்தியதை என்ற கேள்விக்குத்தான் பதில். ரேஷன் கார்டில் முன்னுரிமைக் குடும்பம் என்பதும் இந்தப் பொருளில்தான். ஆங்கிலத்தின் 'பிரயாரிட்டி' லத்தீன் 'பிரியோர்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு 'முந்தைய' என்றுதான் பொருள், பாத்தியதை அப்புறம் ஏறியது. இன்று அந்த ஒரே சொல் 'யாருக்கு', 'எது' இரண்டையும் சுமக்கிறது, நாமோ இரண்டுக்கும் முன்னுரிமை என்றே எழுதிவிடுகிறோம்.

இது ஏன் முக்கியம் என்பது பிரிட்டன் தன் கடல்கடந்த ஆள்புலங்களுக்கு, அதாவது இன்னும் அதன் ஆட்சியில் இருக்கும் தொலைதூரத் தீவுகள் போன்ற இடங்களுக்கு, தரும் வளர்ச்சி உதவியைப் பார்த்தால் புரியும். (2002 சட்டம் வரும்வரை பிரிட்டிஷ் சட்டத்தில் இவற்றின் பெயர் 'சார்பு' ஆள்புலங்கள்.) இந்த ஆள்புலங்களின் நியாயமான தேவைகளுக்கு வளர்ச்சி நிதியில் முதல் பாத்தியதை உண்டு என்று 1999-இல் பிரிட்டனின் வெள்ளை அறிக்கை சொன்னது. இது முன்னுரிமை, சரியான சொல். ஆனால் அந்தப் பணத்தில் முதலில் எதைச் செய்வது? அட்லாண்டிக் நடுவில் இருக்கும் செயின்ட் ஹெலினாவுக்குக் அப்போது கேப் டவுனிலிருந்து கப்பலில் போக ஐந்து நாள் போல ஆனது. கப்பலா விமான நிலையமா என்று 2002-இல் தீவு மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது, விமான நிலையம் என்றார்கள். சுமார் 28.5 கோடி பவுண்டு செலவில் கட்டினார்கள். ஓடுபாதைப் பக்கம் காற்று திடீர் திடீரென்று திசையும் வேகமும் மாறுவதால் திறப்பு தள்ளிப்போய், 2017 அக்டோபரில்தான் வழக்கமான பயணிகள் விமானம் இறங்கியது. கரீபியனில் உள்ள மான்செராட்டில் கேள்வியே வேறு: 1995-இல் எரிமலை வெடிக்கத் தொடங்கி, தலைநகர் பிளிமத்தையே கைவிட வேண்டியதாயிற்று, அங்கே வீடும் துறைமுகமும்தான் முதலில். இரண்டு இடத்துக்கும் முன்னுரிமை ஒன்றே, முதல் தேவை வேறு வேறு.

ஆக 'எது' என்ற பொருளுக்கு என் பரிந்துரை 'முதல் தேவை'. அதைத் தீர்மானிக்கும் வேலைக்குத் 'தேவைகளை வரிசைப்படுத்துதல்'.

நீலகிரிக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்திலேயே இங்கே வந்தது, மலை என்பதற்காகவே தனி நிதி. அது முன்னுரிமை. ஆனால் கோத்தகிரிப் பக்கம் கிராமசபைத் தீர்மானங்களில் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) நடைபாதை, தடுப்புச்சுவர், குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு என்று அடுக்கி எல்லாவற்றுக்கும் 'முன்னுரிமை அடிப்படையில்' என்று போட்டுவிடுகிறோம். எது முதலில் என்று ஊர் சொல்லாததால் எளிதாக முடிகிற தெருவிளக்கை அதிகாரிகள் எடுத்துக்கொள்கிறார்கள், சுவர் வேலை தொடங்காமலே கிடக்கிறது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். தீர்மானத்தில் 'முதல் தேவை: தடுப்புச்சுவர்' என்று தனி வரியில், இடத்தின் பெயரோடு எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.