மண் ஆந்தை நெருப்பில் ஏன் வெடிப்பதில்லை?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பியூப்லோ பூர்வகுடிகளின் ஊர்களில் ஒன்று சூனி. அங்கே வனையும் மண் ஆந்தைக்குக் குண்டு உடம்பு, உருண்டைக் கண்கள். சிலவற்றின் இறக்கைமேல் குஞ்சுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சுட மரபில் சூளை கிடையாது. வெட்டவெளியில் வறட்டி அடுக்கி மூட்டும் தீதான்.

பானையின் சுவர் ஏறக்குறைய ஒரே கனமாக இருக்கும். ஆந்தைக்கு அலகு தடிப்பு, இறக்கை மெலிசு. மெலிந்த இடம் சீக்கிரம் சூடேறி விரிய, தடித்த இடம் பின்தங்க, நடுவில் விரிசல் விழும். அதைவிட ஆபத்து, காய்ந்துவிட்டதாகத் தோன்றும் மண்ணுக்குள் தங்கியிருக்கும் ஈரம். நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். வெளியேற வழியில்லையென்றால் பொம்மை சிதறிவிடும்.

இதற்கு விடை மண்ணைப் பிசையும்போதே தொடங்குகிறது. சூனியிலும், இன்னொரு பியூப்லோ ஊரான அகோமாவிலும் பழைய பானைகளின் ஓட்டாஞ்சில்லுகளை இடித்துச் சலித்துப் புதுக் களிமண்ணோடு சேர்ப்பார்கள். ஏற்கெனவே வெந்த ஓடு, காயும்போது சுருங்காது. அதனால் மொத்தச் சுருக்கமும் குறையும். அந்தத் துகள்களை ஒட்டிய நுண்ணிய இடுக்குகள் வழியாக ஆவியும் தப்பிக்கும். ஓட்டுக்குப் பதில் மணலைச் சேர்க்கலாமே என்றால், அதில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸில் திடீரென விரியக்கூடியது. ஓட்டுத்தூளோ தன்னைச் சுற்றியுள்ள மண்ணைப் போலவே விரியும். இந்தத் தேர்வின் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. ஆய்வுக்கூடம் இல்லாமல், தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வந்த அறிவு இது.

உடம்பை உள்ளே கூடாக விட்டு, காற்றுப் போக ஒரு துளையும் வைப்பார்கள். சுடுவதற்கு முன் மெதுவாகச் சூடுபடுத்துவதும் உண்டு. காற்றடிக்காத நேரமாகப் பார்த்துத்தான் தீ மூட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தாலும் விரிசல்தான்.

கொச்சிட்டி என்ற பியூப்லோ ஊரின் மண்பொம்மைக் கலைஞர் ஹெலன் கோர்டெரோ, கதை சொல்லும் தன் தாத்தாவை நினைத்து 1964-இல் ஒரு பொம்மை செய்தார். தாத்தாமேல் ஐந்து குழந்தைகள். அதன்பின் மற்றவர்கள் கரடி, தவளை, ஆந்தையையெல்லாம் கதைசொல்லிகளாக்கினார்கள். ஒட்டும் ஒவ்வொரு குட்டியும் ஒரு புது மூட்டு. தாயின் உடம்பும் குட்டியும் ஒரே பதத்து ஈரத்தில் இருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். ஒன்று முந்திக் காய்ந்தால், சுருங்கும் அளவு மாறி, தீ மூட்டும் முன்பே மூட்டு விட்டுப்போகும்.